மஞ்சள் பெட்டியில் இருந்த முப்பத்திரண்டு

அம்பத்தூர் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நடந்துகொண்டே இருந்தேன். தோளில் பை, பைக்குள் திறக்காத சாப்பாட்டு டப்பா, காலில் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். இதற்கு முன்னால் எத்தனையோ இடங்களிலிருந்து சொல்லாமல் கிளம்பியிருக்கிறேன். ஆனால் அவர்களுடைய பொருளை அங்கேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இந்த முறை அதற்குக்கூட நிற்கவில்லை.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறியிருக்கலாம். அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும், இந்த நேரத்தில் எங்கே கிளம்பினாய் என்று கேட்பார்கள். அதனால் பெரிய சாலையிலேயே திருமுல்லைவாயில் வரைக்கும் நடந்து, அங்கிருந்து அரக்கோணம் போகிற வண்டியைப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டேன். அரக்கோணத்துக்கு அப்புறம் எங்கே என்று யோசிக்கவில்லை. எனக்கு எப்போதும் முதல் ஊர் மட்டும்தான் தெரியும்.

பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து கிறீச்சிட்டு நின்றது. அப்பாடா, நின்றதே என்று இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு லாரி பிரேக் அடிக்கும்போதும் சக்கரத்தைத்தான் பார்த்தேன்.

நாங்கள் செய்தது லாரி பிரேக்கில் போகிற ஒரு பாகம். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்பு வார்ப்பு. லீவர் என்று சொல்வோம். டிரைவர் பிரேக்கை மிதித்தால் அது திரும்ப வேண்டும். உடைந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை. எனக்கு அதில் எந்த வேலையும் தெரியாது. வந்த வார்ப்பை மிஷினுக்குத் தள்ளுவது, முடிந்த பீஸைச் செக்கிங் மேஜைக்குத் தள்ளுவது, அங்கே ஒதுக்கியதை அந்தந்தப் பெட்டியில் போடுவது. டிராலி ஆள். ஒன்பது மாதம் ஆகியிருந்தது. என் கணக்குக்கு அது நீண்ட காலம்.

செக்கிங் மேஜைக்குப் பின்னால் நான்கு பெட்டிகள் இருந்தன. பச்சையில் போட்டால் ஓகே. நீலம் ரீவொர்க். சிவப்பு ஸ்கிராப். மஞ்சள் ஹோல்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். நிறம் போதுமானதாக இருந்தது. ஆனால் பச்சையைத் தவிர மற்ற மூன்றையும் என் மனது ஒரே வார்த்தையில்தான் போட்டு வைத்திருந்தது: ரிஜெக்ட்.

அந்த வார்த்தையை நான் திருப்பூரிலிருந்து கொண்டு வந்தேன். பனியன் கம்பெனியில் தையல் கோணினாலோ, சாயம் திட்டாகப் பிடித்தாலோ அது ரிஜெக்ட். ரிஜெக்ட் என்றால் தூக்கிப் போடுவதில்லை. பிளாட்பாரத்துக்குப் போகும், நம்மைப் போன்றவர்கள் வாங்கிப் போடுவார்கள். நான்கு வருஷம் நான் போட்ட சட்டையெல்லாம் ரிஜெக்ட்தான். ஓசூரில் பிளாஸ்டிக் கம்பெனியில் ரிஜெக்ட் என்றால் அரைத்து மறுபடி உருக்குவது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சியில் மெடிக்கல் பார்த்துவிட்டு என்னையே ரிஜெக்ட் என்றார்கள். வெளியே வந்து டீ குடித்தேன், வேறு வேலைக்குப் போனேன். ஆக எனக்குத் தெரிந்தவரை ரிஜெக்ட் ஆனது எதுவும் எங்காவது ஓர் இடத்தில் பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

செக்கிங்கில் இருந்த பெண் அப்படி இல்லை. ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா படைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ரிஜெக்ட் என்று நான் சொன்னாலே அவருக்கு ஆகாது.

"எந்த ரிஜெக்ட் அண்ணே? பிசிறு இருந்தா தேச்சுச் சரி பண்ணலாம், அது ரீவொர்க். அளவு கொறஞ்சு போயிட்டா ஒண்ணும் செய்ய முடியாது, அது ஸ்கிராப். ரெண்டையும் சேத்து ரிஜெக்ட்டுன்னு சொன்னா நான் எந்தப் பெட்டில போடறது?"

"மஞ்சள் பெட்டி?"

"அது இன்னும் தெரியாதது. நல்லதா கெட்டதான்னு யாரும் சொல்லல. சொல்ற வரைக்கும் அதுக்குப் பேர் கிடையாது."

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் ஊருக்குக் கிளம்பினார். லீவும் சேர்த்து ஐந்து நாள். அன்று காலையில்தான் ஒரு பீஸில், துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் காதுப் பக்கத்தில், விரிசல் போல ஏதோ பார்த்திருந்தார். அதே உலையில் வார்த்த மற்றவற்றையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மார்க்கரால் ஒரு கோடு போட்டு மஞ்சள் பெட்டியில் வைத்தார். முப்பத்திரண்டு. முதலில் பார்த்த அந்த ஒன்றை மட்டும் லேபுக்கு அனுப்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்: "மஞ்சள் பெட்டியத் தொடாதீங்க அண்ணே. ரிப்போர்ட் வரட்டும்."

பூஜை அன்று மதியத்தோடு மிஷின்கள் நின்றன. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாம் குளிக்கிற நாள் அது. மண்ணெண்ணெய் ஊற்றி மிஷினைக் கழுவுவோம். பெட்டி, டிராலி, ஏணி எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடிப்போம். சந்தனமும் குங்குமமும் வைக்க இடம் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் பொட்டு நிற்காது. கிரைண்டிங்கில் பிசிறு தேய்க்கிறவன் அன்றைக்கு பிரஷ்ஷைக் கையில் வைத்திருந்தான். கொரட்டூர்க்காரன், வாய் ஓயாது.

"இன்னா மாமே, அந்த மஞ்ச பொட்டிய மட்டும் அப்டியே வுட்டுட்ட? சாமி கோச்சிக்கும்."

"அது ஹோல்டு. தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"ஹோல்டாவது கீல்டாவது. அதுவும் ரிஜெக்ட்டு தானே? பெயிண்ட்டு காஞ்சினு கீது. கொட்டிக் குடு, அடிச்சிட்டுத் தரேன்."

ரிஜெக்ட் தானே என்று அவன் சொன்னதும் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூன்றும் ஒரே குடும்பம். பக்கத்தில் நீலப் பெட்டி பாதி காலியாக இருந்தது. அவன் பெயிண்ட் டப்பா பக்கம் திரும்பியபோது அதில் கொட்டினேன். அதோடு விட்டிருந்தாலும் நீலக் கோடு இருந்திருக்கும், பிறகு பொறுக்கி எடுத்திருக்கலாம். பூஜை நாளில் பீஸும் பளிச்சென்று இருக்கட்டும் என்று மண்ணெண்ணெய்த் துணியால் நீலப் பெட்டியில் இருந்த அத்தனையையும் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. பெட்டிகளுக்குப் பொட்டு வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

லீவு முடிந்து வந்ததும் நீலப் பெட்டி கிரைண்டிங்குக்குப் போனது. கொரட்டூர்க்காரன் தேய்த்தான். செக்கிங்கில் ஆள் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே அவரிடம் வெறும் ஓகே ஸ்டிக்கர்களில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார் சூப்பர்வைசர். சின்னக் கம்பெனிகளில் இது வழக்கம். ஒருத்தர் இல்லையென்று வண்டி நிற்காது. ஆறு பெட்டி நிறைந்தது, பெட்டிக்கு நூறு. அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு ஆறும், கஸ்டமருக்கு லாரி ஏற்றுகிற சென்னீர்குப்பம் குடோனுக்குப் போயின. மறுநாள் காலையில் நான்தான் வேனில் ஏற்றினேன். அதே காலையில் சிவப்புப் பெட்டியை ஸ்கிராப் லாரியில் ஏற்றியதும் நான்தான்.

நான் கிளம்பி நடந்த அன்று காலையில்தான் அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். பதினோரு மணிக்கு லேப் ரிப்போர்ட் வந்தது. விரிசல்தான். அவர் மஞ்சள் பெட்டியைத் திறந்தார். புதுப் பெயிண்ட், மூடியில் குங்குமப் பொட்டு, உள்ளே ஒன்றும் இல்லை.

"இங்க வச்சுட்டுப் போனேனே," என்றார். குரல் ஏறவில்லை.

சூப்பர்வைசர் வந்தார், பார்த்தார். கையெழுத்து வாங்கி வைத்த விஷயம் அவருக்கும் நெஞ்சில் உறுத்தியிருக்க வேண்டும். "பூஜைக்கு க்ளீன் பண்ணப்ப எவனாவது ஸ்கிராப்ல தட்டிருப்பான். ஸ்கிராப்பாவே போயிருந்தா நல்லதுதானே? அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடு, முடிஞ்சுது," என்றார்.

நான் டிராலியோடு நான்கடி தள்ளி நின்றிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. பையை எடுத்தேன், நடந்தேன்.

ஸ்கிராப் என்று எழுதினால் கதை முடிந்தது. ஸ்கிராப் லாரியில் போனது இந்நேரம் உருகியிருக்கும். அதை யாரும் தேட மாட்டார்கள். அந்த முப்பத்திரண்டும் ரீவொர்க்கில் போய், ஓகே ஆகி, சென்னீர்குப்பத்தில் ஆறு பெட்டியில் கலந்து கிடப்பது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். பெரிய லாரி சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்து கிளம்பும். அதற்கப்புறம் எந்த லீவர் எந்த ஊரில் எந்த வண்டிக்கு அடியில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருமுல்லைவாயில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மறுபடி மூடினேன். போனில் மேடத்தின் மூன்று அழைப்புகள் இருந்தன. எடுக்காமல் விட்டவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தது. எனக்காகத் தமிழில் அடித்திருந்தார்.

"அண்ணே, ஸ்கிராப் லாரி நீங்கதானே ஏத்தினீங்க. மஞ்சள் பெட்டி பீஸ் அதுல போனதைப் பாத்தீங்களா? பாத்தீங்கன்னா ஆமான்னு சொல்லுங்க. ரிப்போர்ட்ல எழுதிடறேன்."

ஆமா என்று அடித்தேன். இரண்டு எழுத்துதான். அனுப்பும் இடத்தில் கட்டைவிரல் நின்றது. அனுப்பினால் அவருக்கும் நிம்மதி, சூப்பர்வைசருக்கும் நிம்மதி, நாளைக்கே நான் திரும்பிப் போய் ஒன்றும் நடக்காதது போல டிராலி தள்ளலாம். அரக்கோணம் வண்டி வந்து நின்றது. எதிரே இருந்த பெட்டியில் ஜன்னலோரம் காலியாகக்கூட இருந்தது. வண்டி போயிற்று. ஆமாவை அழித்தேன்.

உண்மையை அடிக்க மட்டும் விரல் வரவில்லை. முதலில் நேரில் போய்ப் பெட்டியை நிறுத்திவிட்டால் சொல்வதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனது ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. அடுத்த வண்டியில் ஆவடி, ஆவடியில் பூந்தமல்லி பஸ். பஸ் மெதுவாகப் போனது. டிரைவர் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் என் வலது காலும் தரையை மிதித்தது.

சென்னீர்குப்பத்தில் இறங்கி ஓடினேன். சேஃப்டி ஷூ போட்டு ஓடியவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். குடோன் வாசலில் லாரி நின்றது, பின்கதவு திறந்திருந்தது. லோடிங்கைப் பார்த்துக்கொள்கிற பாய் சாயங்கால அசர் தொழுகையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையில் தொப்பி, முழங்கையில் ஈரம். பூந்தமல்லிக்காரர், என் வயதுதான் இருக்கும். வேனோடு வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்வார்.

"இன்னாபா இது ஓட்டம்? நாய் தொரத்திச்சா?"

"பாய், எங்க லீவர் பெட்டி ஆறும் ஏத்தியாச்சா?"

"ரெண்டு ஏறிச்சு. நாலு ஏறப்போவுது. ஏன், முத்தம் குடுத்து அனுப்பணுமா?"

"ஏத்தாதீங்க. ஏறினதையும் இறக்கணும். அதுல தப்பான பீஸ் கலந்திருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. "வாய் வார்த்தைக்கெல்லாம் லாரி நிக்காது. ரிஜெக்ட்டுன்றியா? சொல்லு, செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்றேன். ஆறும் ரிட்டர்ன் பூடும், கஸ்டமருக்கு மெயில் பூடும், ஓகேன்னு கையெழுத்துப் போட்ட அந்தப் பொண்ணும் ஊட்டுக்குப் பூடும். ரிஜெக்ட்டா?"

"இல்ல."

"அப்ப நல்ல பீஸு. ஏத்தவா?"

"ஐயோ, ஏத்தாதீங்க."

லோடிங் ஆட்களில் ஒருவன் பெட்டி மேல் உட்கார்ந்தபடி சொன்னான்: "பாய், அண்ணாத்தே வெயில்ல சுத்திகினு வந்துகீறாரு. மொதல்ல தண்ணி குடுங்க."

"சும்மா கெடடா. யோவ், ரெண்டும் இல்லன்னா இன்னாதான்யா அது?"

"தெரியாது பாய். நல்லதா கெட்டதான்னு பாக்கணும். ஹோல்டு."

ஒன்பது மாதமாகக் காதில் விழுந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாக நானாகச் சொன்னேன்.

"ஹோல்டுன்னா சும்மா இல்ல," என்றார் பாய். "எதுக்கு, எத்தினி, எப்ப முடிவு சொல்லுவ, மூணும் எழுதணும். அடியில ஒருத்தன் கையெழுத்துப் போடணும். நீ போடுவியா?"

"என் கையெழுத்து செல்லாது."

"அப்ப செல்ற ஆளுக்கு போன் போடு. டிரைவரு டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும்தான் உனக்கு டைமு."

டிரைவர் எதிர்ப்பக்கக் கடையில் கண்ணாடி டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். பாதி காலி. குறுக்கு வழி அங்கேயே முடிந்துபோயிற்று. போட்டேன். மேடம் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, எங்க போயிட்டீங்க?"

"சென்னீர்குப்பம் குடோன்ல இருக்கேன் மேடம்."

"அங்க எதுக்கு?"

"அது ஸ்கிராப்ல போகல. ரீவொர்க் பெட்டில கொட்டினேன். நான்தான். பூஜை அன்னிக்கு."



"நீலக் கோடு இருக்குமே?"

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" இப்போது குரல் ஏறியது. "மூணு மணி நேரமா ரிப்போர்ட்டத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். எழுது எழுதுன்னு தலைக்கு மேல நிக்கிறாரு. உங்க பதில் வரலன்னு ஒரே காரணத்துக்காக எழுதாம இருக்கேன். எழுதியிருந்தேன்னா என்ன அண்ணே ஆயிருக்கும்?"

எதிரே டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போனைப் பாய்கிட்ட குடுங்க."

பாய் பேசினார். பெரும்பாலும் ம் என்றார். ஒரு இடத்தில், "மெயில் ஒடனே வரணும்மா, இந்தாளு மூஞ்சிய நம்பியெல்லாம் வண்டிய நிறுத்த முடியாது," என்றார். டிரைவர் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். பாய் தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் அந்தப் போனைத்தான் பார்த்தேன். டிரைவர் கதவைத் திறந்து ஏறி, ஹாரன் அடித்தார். இரண்டாவது தடவை அடித்தபோது மெயில் வந்தது.

ஏறிய இரண்டு பெட்டியை இறக்க நானும் கை கொடுத்தேன். ஆறையும் சுவரோரம் அடுக்கி, பாய் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். மார்க்கரால் எழுதினார், நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். லாரி ஆறு பெட்டி குறைவாகக் கிளம்பிப் போனது.

அரை மணி கழித்து மேடத்திடமிருந்து மூன்று வரி வந்தது. "நாளைக்குக் கம்பெனிக்கு வராதீங்க. கேட்ல விடக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். ஷூவ வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க." அவருக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பூந்தமல்லியில் ஏறினால் பெங்களூர் போகிற பஸ் நிறைய. பாய் ஷட்டரை இறக்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"காலைல சார்ட்டிங் கீது. அந்த வேலைய எடுத்த ஏஜென்சிகாரன் ஆளு கேட்டான். ஆறு பொட்டியையும் ஒவ்வொரு பீஸா பாக்கணுமாம். உன்ன மாரி ஆள கூப்டாதன்னுதான் சொல்லணும். ஆனா இந்த லீவரு மூஞ்சி தெரிஞ்சவன் வேற எவனும் இங்க இல்ல. வர்றியா, இல்ல ஓடிப் பூடுவியா?"

"வரேன்."

"எட்டு மணிக்கு. ஷூ போட்டுகினு வா."

மறுநாள் ஏழேகாலுக்கே அங்கே இருந்தேன். ஷூவை இன்னும் கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார், ஒரு அட்டைப் பெட்டி நிறைய ஸ்பிரே டப்பாக்களோடு. சார்ட்டிங் முடியும் வரை அவர் இங்கேதான் இருக்க வேண்டுமாம், அதற்கப்புறம்தான் அவர் விஷயத்தைப் பேசுவார்களாம். இதைப் பாயிடம் சொன்னார், என்னிடம் இல்லை. என்னிடம் வேலையை மட்டும் சொன்னார். பீஸைத் துடைத்துச் சிவப்புத் திரவத்தை அடிக்க வேண்டும். பத்து நிமிஷம் ஊற வேண்டும். மேலாக இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு வெள்ளையை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சிவப்பு, வெள்ளைக்கு மேல் கோடாகக் கசிந்து வரும்.

"முப்பத்திரண்டு கிடைச்சதும் நிறுத்திடலாமா மேடம்?"

"முப்பத்திரண்டுலயும் விரிசல் இருக்கும்னு யார் சொன்னா? இருபதுல இருக்கலாம், நாலுல இருக்கலாம். எத்தனைன்னு தெரியாது. கடைசி பீஸ் வரைக்கும் பாக்கணும்."

அறுநூறு. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே மூன்று தட்டுகளை வைத்தார்: பச்சை, மஞ்சள், சிவப்பு. முதல் வரிசை பத்து பீஸைத் துடைத்து அடுக்கினேன், சிவப்பை அடித்தேன், உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. வெளியே பெங்களூர் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

முதல் பீஸ் சுத்தமாக இருந்தது, பச்சையில் வைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் காதுக்குப் பக்கத்தில், வெள்ளைக்கு மேல், மயிரிழை போல ஒரு சிவப்பு. கசிந்து வந்ததா, நான் சரியாகத் துடைக்காமல் விட்டதா என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் கையில் வாங்கவில்லை. "உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியல மேடம்."

"அப்ப நடுத் தட்டுல வைங்க. துடைச்சுட்டு மறுபடி பாக்கலாம்."

மஞ்சள் தட்டில் வைத்துவிட்டு நான்காவதை எடுத்தேன்.